பார்பெஸ் மூலையில் ஒரு பழைய கொட்டாய்: உள்ளே போகலாமா, வெளியில் நின்று பார்த்தால் போதுமா?

3 மார்ச் 2024. மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு தம்பியின் கேள்வி

"அண்ணா, மே மாதம் பாரிஸ் பக்கத்தில் சார்செலில் இருக்கிற அக்கா வீட்டுக்குப் போகிறேன். ஒரு மாதம் இருப்பேன். பாரிஸில் ஒரு பழைய சினிமா தியேட்டரைப் பழையபடியே ஆக்கி வைத்திருக்கிறார்கள், போய்ப் பார்த்தேன் என்று சொல்லியிருந்தீர்களே, அது எங்கே? எனக்கு பிரெஞ்சு தெரியாது. 'வெளியே நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு வா, உள்ளே எல்லாத் தியேட்டரும் இருட்டுதான்' என்கிறார் மாமா. காசு கொடுத்து உள்ளே போகிற அளவுக்கு ஏதாவது இருக்கிறதா?"

3 மார்ச், இரவு

உள்ளே போ தம்பி. மாமா வேண்டுமானால் வெளியே நிற்கட்டும்.

பெயர் லுக்சோர். பார்பெஸ் மெட்ரோ நிலையத்துக்கு எதிரே, மஜாந்தா புல்வார் போய் முடிகிற மூலை. சார்செலிலிருந்து ஆர்.ஈ.ஆர். என்கிற புறநகர் ரயிலில் கார் துய் நோர் நிலையத்தில் வந்து இறங்குவாய் இல்லையா, அங்கிருந்து நடந்தே போய்விடலாம். நம் தமிழ்க் கடைகள் இருக்கிற லாச்சப்பலில் தோசை தின்றுவிட்டுக் கிளம்பினாலும் பத்து நிமிஷ நடைதான். நான் அப்படித்தான் போனேன். போன ஆகஸ்டு கடைசியில் மாணிக்க விநாயகர் தேர் பார்க்கப் போனவன். தெருவெல்லாம் தேங்காய் உடைத்த தண்ணீர், செருப்பு வழுக்கியது, கூட்டம் வேறு. ஒதுங்கி ஒதுங்கி மேம்பால ரயிலின் நிழலிலேயே நடந்தேன். திடீரென்று மூலையில் ஒரு எகிப்துக் கோயில் நிற்கிறது. நெற்றியில் தேர்ச் சந்தனம் காயாமல் அதைப் பார்த்துக்கொண்டு நின்றதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

1921 அக்டோபர் 6 அன்று திறந்த கொட்டாய் அது. ஆன்ரி சிப்சி என்கிற கட்டடக் கலைஞர் கட்டியது. பேசாப்படக் காலம். அப்போது கிட்டத்தட்ட 1,200 பேர் உட்காரலாம். முகப்பு முழுக்க நீலமும் பொன்னும் கறுப்புமாக மொசைக் சில்லுகள்: தாமரை, வண்டு, படமெடுத்த நாகம். நம்மூர்க் கண்ணுக்குக் கோயில் மண்டபத்துக்கும் நகைக்கடைக்கும் நடுவில் எங்கேயோ தெரியும். பழைய எகிப்து மன்னன் துத்தன்காமுன் கல்லறையைத் தோண்டி எடுத்த பரபரப்பில் ஐரோப்பாவே எகிப்துப் பித்துப் பிடித்து அலைந்த காலம், அந்த வேகத்தில் எழுப்பியிருக்கிறார்கள்.

உள்ளே போய் மாடியில் உட்கார்ந்தேன். சுவரெல்லாம் மணல் நிறம். தூண் வரைந்திருக்கிறது, மேலே பட்டை பட்டையாக நீலமும் சிவப்பும் காவியும். விளக்கு அணைந்த பிறகும் திரையின் வெளிச்சம் ஏறி இறங்கும்போதெல்லாம் சுவர் லேசாகத் தெரிந்து மறைகிறது. படம் பாதி ஓடும்வரை நான் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கதை என்ன என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் ஒருமுறை என்னையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மறுபடி படத்துக்குப் போய்விட்டாள். அவளுக்கு அது அக்கம்பக்கத்துத் தியேட்டர். வாரம் ஒருமுறை வருவாளாயிருக்கும்.

4 மார்ச்

நடைமுறை விஷயம் சொல்ல மறந்துவிட்டேன். பட்டியலில் படத்தின் பெயருக்குப் பக்கத்தில் 'வே ஓ' (VO) என்று போட்டிருந்தால் மூலமொழியில் ஓடும், கீழே பிரெஞ்சு எழுத்து வரும். 'வே எஃப்' (VF) என்றால் பிரெஞ்சில் பேசுவார்கள். இங்கிலீஷ் படமாகப் பார்த்து 'வே ஓ'வுக்குப் போ. பிரெஞ்சு தெரியாத கவலை அதோடு தீர்ந்தது.

இன்னொன்று. உள்ளே மூன்று அரங்கம் உண்டு. எகிப்து இருப்பது பெரியதில் மட்டும்தான், யூசுஃப் ஷாஹின் பெயர் வைத்தது. எகிப்திய இயக்குநர் அவர், பொருத்தமான பெயர். மற்ற இரண்டும் கீழே புதிதாகக் கட்டியவை. அவசரத்தில் அங்கே போய் உட்கார்ந்துவிட்டு, அண்ணன் பொய் சொல்லிவிட்டான் என்று திட்டாதே.

இடைவேளை கிடையாது. பிரெஞ்சுக்காரனுக்கு இடைவேளை என்றால் என்னவென்றே தெரியாது. போகுமுன் ஒன்றுக்குப் போய்விட்டுப் போ.

7 மார்ச்

ஒரு தப்பைத் திருத்த வேண்டும். கணக்குப் பார்க்காமல் துத்தன்காமுனை இழுத்துவிட்டேன். கல்லறையை ஹோவர்ட் கார்ட்டர் கண்டுபிடித்தது 1922 நவம்பரில். கொட்டாய் திறந்தது 1921 அக்டோபரில். ஒரு வருஷம் முந்திக்கொண்டது கொட்டாய்தான்! அப்படியானால் எகிப்துப் பித்து எங்கிருந்து வந்தது? அது அவர்களுக்குப் பழைய வியாதி. 1798இல் நெப்போலியன் படையோடு அறிஞர்களையும் எகிப்துக்குக் கூட்டிக்கொண்டு போனதிலிருந்தே இருக்கிறது. பாரிஸ் கான்கார்ட் சதுக்கத்தில் நிற்கிற ஊசி போன்ற கல்தூண் எகிப்தின் லுக்சோர் கோயிலிலிருந்து கப்பலில் வந்தது, 1836இல் நிறுத்தினார்கள். பாரிஸ்காரனுக்கு லுக்சோர் என்ற பெயர் காதில் பழகியதுதான்.

இதை எனக்கு யாரும் சுட்டிக்காட்டவில்லை. ராத்திரி தூக்கம் வராமல் நானே பார்த்தேன்.

10 மார்ச்

இரண்டாவது தப்பை வேறொருவர் கண்டுபிடித்தார். என் சித்தப்பா.

சித்தப்பா சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், பென்ஷனோடு வந்து லாஸ்பேட்டையில் வீடு கட்டிக்கொண்டவர். எழுபதுகளின் நடுவில் தொடங்கிப் பல வருஷம் பாரிஸில் இருந்தார். நான் எழுதியதை அவர் மகள் படித்துக் காட்டியிருக்கிறாள். காலையிலேயே போன்.

"ஏன்டா, பார்பெஸ் முக்குல இருக்கற கொட்டாயா? அது எனக்குத் தெரியுமே. நான் அங்க இந்திப் படம் பார்த்திருக்கேன்."

நான் நம்பவில்லை. விசாரித்தால் உண்மைதான். எழுபதுகளில் அந்தப் பகுதிக்கு வெளிநாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள் நிறைய. அவர்களுக்காக லுக்சோரில் அரபுப் படங்களும் இந்திப் படங்களும் ஓடியிருக்கின்றன. சித்தப்பாவுக்கு இந்தியும் தெரியாது, அரபும் தெரியாது. "பாட்டு இருக்குமில்ல" என்றார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஊர்க்காரர்கள் நாலு பேராகப் போவார்களாம். கொட்டாயின் பெயர்கூட அவர்களுக்குத் தெரியாது. 'மூலைக் கொட்டாய்' என்றுதான் சொல்லிக்கொள்வார்களாம். புதுச்சேரியில் நாம் வைக்கிற பெயர்போலவே இருக்கிறது.

"எகிப்து எப்படி இருந்தது சித்தப்பா?" என்று கேட்டேன்.

"என்ன எகிப்து?"

"சுவரில். தூண், தாமரை எல்லாம்."

"வெளிய என்னமோ பொம்மை இருந்துச்சு. உள்ள ஒண்ணுமில்ல. வெறும் பெயின்ட் அடிச்ச சுவரு. அழுக்கு."

எனக்கு அங்கேதான் பொறி தட்டியது. அவர் சொல்வது அப்படியே சரி. 1921இல் வரைந்ததை அதற்குப் பின் வந்தவர்கள் ஒவ்வொருவராக மூடியிருக்கிறார்கள். முப்பதுகளில் ஒரு தடவை அலங்காரத்தை மாற்றினார்கள், ஐம்பதுகளில் மேலே வண்ணம் அடித்தார்கள். ஆக, சித்தப்பா உட்கார்ந்து பாட்டுக் கேட்ட சுவருக்குள்ளே எகிப்து இருந்திருக்கிறது. அவருக்கும் தெரியாது, பக்கத்தில் இருந்தவனுக்கும் தெரியாது.

இடைவேளை விஷயத்திலும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். "யார்றா சொன்னது இடைவேளை இல்லன்னு? எங்க காலத்துல உண்டு. தட்டுல ஐஸ் வச்சுக்கிட்டு பொம்பளைங்க வருவாங்க." அந்தக் காலத்தில் பிரெஞ்சுத் தியேட்டர்களில் அது வழக்கம்தானாம், பிறகு நின்றுபோனது. ஆக 'என்னவென்றே தெரியாது' என்று நான் எழுதியது அவசரம். தெரிந்து மறந்தவர்கள்.

10 மார்ச், கொஞ்சம் கழித்து

சித்தப்பா சொன்னதில் ஒன்று விட்டுப்போயிற்று. கொட்டாய்க்கு எதிர்ப்பக்கம்தான் தாத்தி கடை. புதுச்சேரியில் பிரான்ஸ் உறவு உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தப் பை மறக்காது: வெள்ளையும் இளஞ்சிவப்புமாகக் கட்டம் போட்டது. எங்கள் வீட்டில் அந்தப் பையில்தான் ரேஷன் கார்டு, பத்திரம், ஜாதகம் எல்லாம் இருந்தன. 1983 கடைசியில் லுக்சோரில் சினிமா நின்றபோது கட்டடத்தை வாங்கியது அந்தத் தாத்திக்காரர்கள்தான்! ஆனால் 1981இலேயே முகப்பும் கூரையும் அரசின் வரலாற்றுச் சின்னப் பட்டியலில் ஏறிவிட்டதால் இஷ்டத்துக்கு இடித்துவிட முடியாது. கடையாகவும் ஆகவில்லை. கொஞ்ச காலம் டான்ஸ் கிளப் நடந்தது. எண்பதுகளின் முடிவில் அதுவும் மூடி, அப்படியே பாழாய்க் கிடந்தது.

நான் சின்ன வயதில் ஆசையாகத் தடவிப் பார்த்த பை வந்த கடை இது. அந்தக் கடையும் இப்போது இல்லை, 2021இல் மூடிவிட்டார்கள். நான் போனபோது கொட்டாய்தான் திறந்திருந்தது.

13 மார்ச்

தம்பி கேட்கிறான்: "அண்ணா, மூடியதைச் சுரண்டி எடுத்தார்களா? நீங்கள் பார்த்தது 1921இல் வரைந்ததேதானா?"

இந்தக் கேள்வி வரும் என்று பயந்துகொண்டிருந்தேன். இல்லை. நான் வாயைப் பிளந்து பார்த்த சுவர் 2013இல் போட்டது.

காரணம் ரயில். பார்பெஸில் இரண்டாம் எண் மெட்ரோ பாலத்தின் மேலே போகிறது, கொட்டாயின் காதருகே. பேசாப்படத்துக்கு அது பெரிய தொந்தரவு இல்லை, வாத்தியக்காரர்கள் வாசிப்பில் அமுங்கிப் போயிருக்கும். இன்றைய ஒலிக்கு ஆகுமா? அதனால் பெட்டிக்குள் பெட்டி வைத்தார்கள். பழைய சுவருக்கு உட்புறம், இடைவெளி விட்டு இன்னொரு சுவர். ரயிலின் அதிர்வு அந்த இடைவெளியைத் தாண்டாது. வேலையின்போது அடியிலிருந்த பழைய ஓவியங்கள் வெளிப்பட்டன, அவற்றைப் பார்த்து அதே மாதிரி, அதே நிறத்தில் உட்சுவரில் வரைந்தார்கள். நிஜமான 1921 பின்னால் இருட்டில் இருக்கிறது. பெரிய அரங்கின் இருக்கைகளும் 1,200இலிருந்து சுமார் 340ஆகக் குறைந்துவிட்டன.

இது தெரிந்தபோது எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஒரு நாள் முழுக்க யாரோடும் சரியாகப் பேசவில்லை.

காரணம் இருக்கிறது. புதுச்சேரியில் நம் மேரி கட்டடம், நகராட்சி அலுவலகம் இருந்தது. 1870களின் தொடக்கத்தில் கட்டியது, 2014 நவம்பர் 29 அன்று மழையில் சரிந்து விழுந்தது. என் பிறப்பைப் பதிய அப்பா அங்கேதான் போனார். விழுந்த மறுநாள் போய்ப் பார்த்தேன், கடற்கரைச் சாலையில் செங்கல்லும் சுண்ணாம்பும் குவியலாகக் கிடந்தன. 2021இல் அதே உருவத்தில் புதிதாகக் கட்டித் திறந்தார்கள். எல்லோரும் செல்ஃபி எடுத்தார்கள். நான் மட்டும் "இது டூப்பு" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். வீட்டில் என் பேச்சு எடுபடவில்லை. என் மனைவி, "விழுந்தா அப்படியே விட்டுடணுமா?" என்று ஒரே கேள்வியில் முடித்துவிட்டாள்.

மேரி டூப்பு என்றால் லுக்சோரும் டூப்புதானே? பாரிஸில் மயங்கினவன் இங்கே மூஞ்சியைச் சுளித்தேன். வெளியூர் என்றால் மன்னிப்பு, சொந்த ஊர் என்றால் வழக்கு. இதை யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

17 மார்ச்

இன்னும் யோசித்தேன். ஒன்று தோன்றுகிறது, சரியா என்று தெரியவில்லை.

சென்னை அண்ணா சாலைத் தபால் நிலைய வளாகத்தில் எலெக்ட்ரிக் தியேட்டர் கட்டடம் இருக்கிறது. 1913இல் வார்விக் மேஜர் என்பவர் நடத்தியது. கட்டடம் பழசுதான், அசல்தான். உள்ளே இப்போது தபால்தலை விற்கிறார்கள். போய்ப் பார்த்தேன், நன்றாக வைத்திருக்கிறார்கள். ஆனால் அங்கே நின்றபோது எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. ஒரு பலகையைப் படித்தேன், இரண்டு தபால்தலை வாங்கினேன், வெளியே வந்து டீ குடித்தேன்.

லுக்சோரில் சுவர் புதுசு. ஆனால் ஆறு மணிக்கு விளக்கு அணைகிறது. முன் வரிசையில் ஒருவன் கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்கிறான். இரண்டு பிள்ளைகள் சிரிக்கிறார்கள், யாரோ உஸ் என்கிறார்கள். பக்கத்து அம்மாள் பையில் கையை விட்டு மிட்டாய்க் காகிதத்தைச் சத்தம் வராமல் பிரிக்கப் பார்க்கிறாள், சத்தம் வருகிறது. சித்தப்பா நாலு பேரோடு உட்கார்ந்ததும் இதே இருட்டில்தானே.

சரி, இதை வைத்து மேரியை மன்னித்துவிடுவதா? மேரியில் இன்றைக்கு என் மகன் பிறப்பைப் பதிய முடிந்தால் மன்னிப்பேன் என்று நினைக்கிறேன். மகனுக்கு இருபத்திரண்டு வயது, அது வேறு விஷயம்.

18 மார்ச்

கொட்டாய் பேச்சு வந்ததும் படம் ஓட்டுகிற கேபின் ஞாபகம் வந்துவிட்டது. தலைப்புக்குச் சம்பந்தமில்லை, பொறுத்துக்கொள்.

எங்கள் தெருவில் ஒரு ஆபரேட்டர் இருந்தார். எனக்குப் பத்து வயதிருக்கும். சாயங்காலம் சாப்பாட்டுத் தூக்கைக் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை எனக்கு, கூலி ஓசிப் படம். கேபினுக்குள் இரண்டு புரொஜெக்டர். ஒவ்வொன்றிலும் கார்பன் குச்சி எரியும், அதன் வெளிச்சம்தான் திரையில் படமாக விழும். குச்சி கரையக் கரைய இரண்டு முனைகளையும் கிட்டக் கொண்டுவந்துகொண்டே இருக்க வேண்டும், கவனம் தப்பினால் திரை மங்கும், கீழே விசில் பறக்கும். ஒரு ரீல் 2,000 அடி. நிமிஷத்துக்கு 90 அடி ஓடும், இருபது நிமிஷம் தாண்டினால் தீர்ந்துவிடும். தீருவதற்குச் சில நொடிகள் முன்னால் படத்தின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னும். அதைப் பார்த்ததும் அடுத்த மிஷினை ஓடவிட வேண்டும். இன்னொரு புள்ளி வரும், அப்போது மாற்ற வேண்டும். "எல்லாரும் கதாநாயகியப் பாப்பாங்க, நான் மூலையப் பாப்பேன்" என்பார். முப்பது வருஷம் மூலையையே பார்த்த மனிதர்.

எரிந்து மிச்சமான குச்சித் துண்டுகளை எங்களுக்குத் தருவார். மேலே செம்பு பூசியிருக்கும், கையில் கரி ஒட்டும். அதை வைத்துத் தெருவில் கோடு போட்டு விளையாடுவோம்.

இங்கே ஒரு பிரெஞ்சுத் தொடர்பு இருக்கிறது, பார். சாமிக்கண்ணு வின்சென்ட் தெரியுமல்லவா, திருச்சியில் ரயில்வேயில் படம் வரைகிற வேலை பார்த்தவர். 1905இல் துய்போன் என்கிற பிரெஞ்சுக்காரர் ஊர் ஊராகப் படம் காட்டிக்கொண்டு வந்து திருச்சியில் உடம்புக்கு முடியாமல் நின்றுவிட, அவருடைய புரொஜெக்டரையும் படங்களையும் வின்சென்ட் வாங்கிக்கொண்டார். பிறகு கூடாரம் போட்டு ஊர் ஊராகக் காட்டினார், 1914இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் டாக்கீஸ் கட்டினார். பாரிஸ் கிராண்ட் கஃபேயில் லூமியேர் சகோதரர்கள் முதன்முதலாகக் காசு வாங்கிப் படம் காட்டியது 1895 டிசம்பர் 28. அங்கிருந்து திருச்சிக்குப் பத்து வருஷம்தான்.

தலைப்பு எது, நான் எங்கே இருக்கிறேன்?

20 மார்ச்

ஆட்டோவில் வந்தேன். "ராஜா தியேட்டர் சிக்னல்ல லெஃப்ட் எடுத்து அஜந்தா சிக்னல் போங்க" என்றேன். ஓட்டிய பையனுக்கு இருபது வயது இருக்கும். "அங்க தியேட்டர் இருந்துச்சா சார்?" என்று கேட்டான். புதுச்சேரியில் கொட்டாய்களுக்கு நாம் செய்த மரியாதை சிவப்பு விளக்கு. அறுபது நொடி நின்று அஞ்சலி செலுத்திவிட்டுப் போகிறோம்.

24 மார்ச்

"நம்ம பக்கம் புதுப்பித்த தியேட்டரே இல்லையா?" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். உண்டு. பெயர் சொல்ல மாட்டேன், ஊரும் சொல்ல மாட்டேன்.

சின்ன வயதில் பார்த்த கொட்டாய். வாசலில் மொசைக் தரை, நடுவில் பச்சையும் மஞ்சளுமாக ஒரு பெரிய நட்சத்திரம். மாடிப்படிக்கு வளைந்து ஏறுகிற மரக் கைப்பிடி, பிள்ளைகள் வழுக்கி வழுக்கி அது கண்ணாடியாகிவிட்டிருக்கும். திரைக்கு முன்னால் சுருக்குச் சீலை. மணி அடித்து, வண்ண விளக்குப் போட்டு, பாட்டோடு அது மெல்ல மேலே ஏறும். அது ஏறி முடிகிறவரை ஒருவரும் பேச மாட்டார்கள். படம் எப்படியிருந்தாலும் அந்த ஏற்றத்துக்கே காசு சரியாகப் போயிற்று என்பாள் பாட்டி.

'முற்றிலும் புதுப்பிக்கப்பட்டது' என்று போஸ்டர் பார்த்து, மனைவியைக் கூட்டிக்கொண்டு போனேன். நட்சத்திரத்தின் மேல் பளபளவென்று டைல்ஸ். கைப்பிடி ஸ்டீல். சீலையைக் காணோம். கூரைக்குக் கீழே ஜிப்சம் பலகை, ஊதா விளக்கு. ஏர்போர்ட் கழிவறைக்குள் உட்கார்ந்து படம் பார்ப்பது போல இருந்தது. டிக்கெட் கிழிப்பவரிடம் சீலை எங்கே என்று கேட்டேன். "அது தூசி சார்" என்றார்.

என் மனைவியின் தீர்ப்பு வேறு. "சீட்டு நல்லா சாயுது. ஏசி வேலை செய்யுது. பாத்ரூம் சுத்தமா இருக்கு. உங்க பாட்டி காலத்துல பொம்பளைங்க மூணு மணி நேரம் அடக்கிக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க, அது தெரியுமா உங்களுக்கு?" தெரியாது. யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. பாட்டி சீலையை மட்டும்தான் சொன்னாள்.

டைல்ஸுக்கு அடியில் நட்சத்திரம் இன்னும் இருக்கும், உடைக்காமல் மேலேயே பதித்திருந்தால்.

2 ஏப்ரல்

"அவர்களிடம் காசு இருக்கிறது, செய்கிறார்கள்" என்று சிலர் சொல்கிறார்கள். அதுவும் உண்மைதான், ஆனால் காசு எப்படி வருகிறது என்று பாருங்கள். லுக்சோர் சும்மா மீளவில்லை. அக்கம்பக்கத்துக்காரர்கள் சங்கம் வைத்து வருஷக்கணக்கில் நச்சரித்து, 2003இல் பாரிஸ் மாநகராட்சி கட்டடத்தை வாங்கியது. வேலை தொடங்கவே 2010 ஆயிற்று, 2013 ஏப்ரலில் திறந்தார்கள். செலவு இரண்டு கோடி யூரோவுக்கு மேல். கட்டடம் மாநகராட்சியுடையது, நடத்துவது ஒப்பந்தத்தில் ஒரு தனியார் குழு.

அங்கே விற்கிற ஒவ்வொரு சினிமா டிக்கெட்டிலும் 10.72 சதவீதம் தேசிய சினிமா மையத்துக்குப் போகிறது. அந்தப் பணம் படம் எடுக்கவும் தியேட்டரைச் செப்பனிடவும் திரும்பி வருகிறது. நாமும் ஜிஎஸ்டி கட்டுகிறோம்: 2024இல் நூறு ரூபாய் வரை 12 சதவீதம், மேலே போனால் 18 சதவீதமாக இருந்தது. அது பொதுக் கஜானாவுக்குள் போனதும் எதற்குப் போயிற்று என்று டிக்கெட்டுக்குத் தெரியாது.

புதுச்சேரியில் முடியாது என்றும் சொல்ல மாட்டேன். வைசியாள் வீதியில் தமிழர் வீடுகளின் திண்ணையும் முகப்பும் ஐரோப்பிய உதவியோடு சீரானதையும், அதற்கு 2008இல் யுனெஸ்கோ விருது வந்ததையும் நாமே பார்த்தோம். வீட்டுக்குக் கிடைத்த மரியாதை கொட்டாய்க்கு இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். கொட்டாயில் திண்ணை இல்லையே என்று யாராவது சொல்வார்கள்.

3 ஏப்ரல்

நேற்று எழுதியதைப் படித்தால் மேடைப் பேச்சு மாதிரி இருக்கிறது. விட்டுவிடுங்கள். தம்பி, புதன் அல்லது சனி காலையில் போனால் பார்பெஸ் பாலத்தடியில் சந்தை போடுவார்கள், அதையும் பார். நம்ம சண்டே மார்க்கெட்தான், பேரம் மட்டும் வேறு பாஷை. கொத்தமல்லிக் கட்டு நம் ஊர் வாசனையோடு கிடைக்கும். பர்ஸை முன்பக்கம் வைத்துக்கொள்.

9 ஜூன்

தம்பி வந்துவிட்டான். பண்ருட்டிப் பலாச்சுளையோடு நேற்று வீட்டுக்கு வந்தான். நான் கொடுத்த அறிவுரைகளில் பாதியை அவன் கேட்கவில்லை. சனிக்கிழமை சந்தைக்குப் போய்க் கூட்டத்தில் மாட்டி, கொட்டாய்க்குள் நுழையும்போது விளக்கு அணைந்துவிட்டதாம். மாமாவும் கூட. அந்த மனிதர் கடைசியில் உள்ளே வந்துவிட்டார்!

"சுவரைப் பார்த்தாயா?"

"இருட்டாத்தான் இருந்துச்சு. மாமா சொன்னது சரிண்ணா."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவன் விடாமல் படக்கதை முழுவதையும் சொன்னான், ஒரு காட்சி விடாமல். வாய்விட்டுச் சிரித்த இடத்தை எழுந்து நின்று நடித்துக் காட்டினான். இங்கிலீஷ் படம், பிரெஞ்சு எழுத்து, பாதிதான் புரிந்ததாம். பக்கத்திலிருந்த வெள்ளைக்காரக் கிழவர் சிரித்த இடத்திலெல்லாம் மாமாவும் சிரித்தாராம். படம் முடிந்து விளக்கு வந்ததும்தான் இருவரும் நிமிர்ந்து பார்த்திருக்கிறார்கள். துடைக்க வந்த பெண் கிளம்பச் சொல்கிறவரை பார்த்துக்கொண்டு நின்றார்களாம். நான் பார்த்த முறையைவிட அவன் பார்த்ததுதான் சரியோ என்னவோ. எனக்கு இன்னும் அந்தப் படத்தின் கதை தெரியாது.

டிக்கெட் துண்டைப் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தான், சித்தப்பாவுக்காக. இரண்டு பேரும் லாஸ்பேட்டைக்குப் போனோம். சித்தப்பா கண்ணாடி போட்டு, துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தம்பி போனில் சுவரின் போட்டோவைக் காட்டினான். தூண், தாமரை, நீலப் பட்டை. சித்தப்பா போனை வாங்கிக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார், தள்ளி வைத்துப் பார்த்தார்.

"இதெல்லாம் அப்பவே உள்ள இருந்துச்சா?"

"பின்னால இருந்துச்சு சித்தப்பா. இது அதப் பார்த்து வரைஞ்சது."

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. போனைத் தம்பியிடம் திருப்பிக் கொடுத்தார்.

"இடைவேளை விட்டாங்களா?"

"இல்லைங்க ஐயா."

"அப்ப ஐஸ் விக்கற பொம்பளைங்க?"

"யாரும் வரலை."

சித்தப்பா உதட்டைப் பிதுக்கினார். டிக்கெட் துண்டை மட்டும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.